நேரே ஆறு இருந்தது

அண்ணா,

கண் திறக்காவிட்டாலும் உனக்குக் காது கேட்கலாமாம். ஆங்கரேஜ் ஆஸ்பத்திரி நர்ஸ் இதை வாசித்துக் காட்டுவாள்.

விமானம் மேலெழும்பியதும் இன்ஜின் நின்றால் திரும்பாதே, நேரே இறங்கு என்று எனக்குச் சொல்லித்தந்தவன் நீ. "கத்துக்குட்டிகூடத் திருப்ப மாட்டானே, இவனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்று வாஸிலி மாமா அழுதார்.

நேரே உறைந்த ஆறு. அன்று மீன்பிடி தொடங்கிய நாள். ஊரே பனிக்கட்டியில் துளையிட்டு அமர்ந்திருந்தது. உன் விமானச் சத்தம் நின்றதும் நிமிர்ந்தேன். எங்களைக் கடக்கும்போது வழக்கமாகச் செய்வாயே, அதுபோலவே இறக்கை சாய்ந்தது.

"பாரு, நமக்கு டாட்டா காட்டுறான். கைய ஆட்டுடி," என்றாள் அம்மா. ஆட்டினேன்.

எங்கள்மேல் விழாதிருக்கத்தான் திருப்பினாய் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் முடியவில்லை. "விழறதுக்கு முன்னாடியும் எம்புள்ள எனக்கு டாட்டா காட்டினான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

உன் தங்கை