ஹனே ஆற்றின் கிழக்கே விடுபட்ட பதினோரு வீடுகளுக்குப் புகலிடம் கோருதல்

அனுப்புநர்
டோகாஷி ஃபுமினோ,
நடுநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவி,
உகேச்சி, கிதாசே நகரம்.

பெறுநர்
மேயர் அவர்கள்,
மினோசாவா நகரம்.

பொருள்: வெள்ளக் காலத்தில் தங்கள் நகரின் கிழக்குக்கரைத் தொடக்கப்பள்ளியில் உகேச்சி மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவற்றை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்களை என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பழைய செய்திகளை நூலக வரைபடங்களில் சரிபார்த்தேன்.

1. 1938 வரை ஹனே ஆறு எங்கள் வீடுகளுக்குக் கிழக்கே வில்போல் வளைந்து ஓடியது. அதை நேராக்க எங்கள் வீடுகளுக்கு மேற்கே புதிய வாய்க்கால் வெட்டினார்கள். ஆறு இடம் மாறியது; நகர எல்லை மாறவில்லை. பழைய ஆறு இன்று மூடிய சாக்கடை. அதன்மேல் சைக்கிள்கள் நிறுத்துகிறார்கள். அதைத் தாண்டினால் மினோசாவா. எங்கள் கிதாசே நகரமோ புதிய ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. பள்ளியில் எங்களை "ஆத்துல விட்டுட்டு வந்ததுங்க" என்பார்கள்.

2. செப்டம்பர் 19, புயலன்று, பிற்பகல் 2 மணிக்குத் தங்கள் நகர ஒலிபெருக்கி எல்லோரையும் வெளியேறச் சொன்னது. தெளிவாகக் கேட்டது. பக்கத்து வீட்டு குரிமோத்தோ மாமா சிரித்தார். "அது அவங்க ஊருக்குச் சொல்றது. நம்ம ஊரு இன்னும் வாயே தொறக்கலயே." நாங்களும் அப்படியே நினைத்தோம். ஒரு மணி நேரம் வீட்டிலேயே இருந்தோம். எங்கள் நகர ஒலிபெருக்கி மழையில் ஆற்றைத் தாண்டிக் கேட்காது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

3. பதினோரு வீடுகளும் ஆண்டுக்கொரு வீடாக எங்கள் குடியிருப்புக் குழுத் தலைமையை ஏற்பது வழக்கம். இவ்வாண்டு எங்கள் முறை. சாக்கடை மூடிகள் தூக்கிக்கொண்டதும் அப்பா பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தம்மையும் சேர்த்து நாற்பத்தொரு பேரையும் தங்கள் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். மூன்று நிமிட நடை. வாசலில் நின்ற இளம் ஊழியர் முழுக்க நனைந்திருந்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. என் லிஸ்ட்ல உங்க பேரு இல்ல. உங்க நகராட்சி சீல் ஒண்ணு இருந்தா இப்பவே விட்டுடுவேன்" என்றார். தொலைபேசி வேலை செய்யவில்லை.

4. முத்திரையிடும் கிளை அலுவலகம் பாலத்தின் மறுமுனையில் உள்ளது. அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "சீல் கெடக்குது, நில்லுங்க." அப்பா, "பொறுப்பு நம்ம வீட்டுது. இருபது நிமிஷம்தான். நீ தலைய எண்ணிக்கிட்டே இரு" என்றார். மணி 3.15. அம்மா எண்ணிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் நாற்பது வந்தது.

5. 3.40க்குப் பாலத்தின் நடுப்பகுதி விழுந்தது. 3.50க்கு, தண்ணீர் வாசலைத் தொட்டபோது, அந்த ஊழியர் யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்தவர், வைத்த தேநீரைத் தொடாமல் தலை குனிந்தே இருந்தார்.

6. 21ஆம் தேதி அப்பா கிடைத்தார். பிளாஸ்டிக் உறையிலிட்ட பட்டியல் சட்டைக்குள் இருந்தது. அதில் கிதாசே நகர முத்திரை உள்ளது. பக்கத்தில் யாரோ எழுதிய நேரம்: 3.32. நகலை இணைத்துள்ளேன்.

7. எங்கள் நகரத்தில் முறையிட்டோம். இரு நகரங்களின் கூட்டுக் குழு மார்ச்சில் கூடும்போது பேசுவார்களாம். குழுத் தலைமை ஆளுக்கல்ல, வீட்டுக்கு. ஆகவே எங்கள் முறை முடியும் மார்ச் வரை அது அம்மாவுடையது. அம்மா அந்தப் பட்டியலை வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். இது அக்டோபர், புயல் இன்னும் வரும். மறுபடியும் சீல் கேட்டால் அம்மாவும் போவார். அவரை எனக்குத் தெரியும்.

எல்லையை மாற்றும்படி கேட்கவில்லை. தாங்கள் கேட்ட முத்திரை இணைப்பில் உள்ளது. அதை ஏற்று, அடுத்த புயலுக்கு முன் மீதியுள்ள நாற்பது பெயர்களைத் தங்கள் வாசல் பட்டியலில் எழுதிவைக்குமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: உகேச்சி
நாள்: 7 அக்டோபர் 1991

தங்கள் பணிவுள்ள,
டோகாஷி ஃபுமினோ

பி.கு.: மாலை 5.10க்கு இதைத் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்தேன். வரவேற்பில் இருந்தவர் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, "பாப்பா, இது உங்க ஊரு ஆபீஸ்ல குடுக்க வேண்டியது" என்று திருப்பித் தந்தார். பாலம் இல்லாததால் அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும் என்றேன். மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே உள்ள தபால் பெட்டியில் போடுமுன் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 5.20க்கு உள்ளே விளக்குகள் அணைக்கப்பட்டன.