பொய்ப்பல் தூண்

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்தில் ரிப்பேர் வேலை வரும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். யாராவது காதில் போட்டுக்கொண்டார்களா? இன்று ஆர்டரே வந்துவிட்டது. வட்ட வாசிப்பு மண்டபத்தில் லிஃப்ட் வைக்கப் போகிறார்களாம். அதற்கு இடம் வேண்டுமாம். இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

நூற்று இருபது வருஷக் கட்டடம். முப்பத்தொரு வருஷமாக நான் அதில் அட்டெண்டர். கணக்குப் போட்டால் கால்வாசிக் கட்டடம் என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு நின்றுபோனது. ஆனாலும் பார்க்க வரும் புரொபசர்கள் என் வாயைத்தான் பார்ப்பார்கள், முக்கியமாக எட்டாவது தூணின் கதைக்கு. மண்டபத்தைச் சுற்றி மேலே ஓடும் மாடத்தை உண்மையில் ஏழு தூண்தான் தாங்குகிறது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் ஒரு பெரிய மனிதர் வந்து, "என்னய்யா இது, பல்லு போன வாய் மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டார். கட்டினவர் அவசர அவசரமாக மூங்கிலும் சுண்ணாம்பும் வைத்து எட்டாவதை நிறுத்தினார். உள்ளே வெறும் காற்று. நான் தட்டிக் காட்டுவேன். டொக், டொக். கூட்டம் சொக்கிப்போகும். பொய்ப்பல் தூண் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

மார்ச் 7, வெள்ளி

இன்ஜினியர் வந்தார். அளவு டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறார். டேப்பு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

பழைய வரைபடங்களைக் கேட்டார். கரையான் அதை எப்போதோ படித்து முடித்துவிட்டது. தங்கை மகள்தான் இங்கே நூலகர். அவள் போன வருஷம் எழுதிய கட்டட வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பதினோராம் பக்கத்தில் என் தூண் இருக்கிறது. "பாரம் தாங்காத அலங்காரத் தூண்" என்று அழகாக எழுதியிருக்கிறாள்.

டேப்பு படித்துவிட்டு, "அப்ப இந்தப் பல்லைப் பிடுங்கிட்டு லிஃப்டை வெச்சிடலாமே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

மார்ச் 12, புதன்

மண்டபத்தைக் காலி செய்கிறார்கள். தூணை ஒட்டி நின்ற, புத்தகப் பட்டியல் இழுப்பறைகள் கொண்ட கார்டு அலமாரியையும் கிடங்குக்குத் தூக்கிப் போனார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை. இருந்தாலும் அது அங்கேயே நின்றிருக்கலாம்.

டேப்பு என்னைக் கூப்பிட்டார். "பெரியவரே, அந்த டொக்கு டொக்கைக் கொஞ்சம் கேப்போம்."

தட்டினேன். ணங் என்றது.

"மழை ஈரம் ஏறியிருக்கு சார்" என்றேன்.

"ஓ" என்று எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார்! மழை பெய்து நான்கு மாதமாகிறது.

மார்ச் 13, வியாழன்

காலையில் தனியாகப் போய்த் தட்டினேன். ணங். எனக்கு ஜலதோஷம், காது அடைத்திருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஜலதோஷம் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டேன். மாடத்துக்குக் கீழே அளந்துகொண்டிருந்தவரிடம் நேராகப் போய், "சார், அந்தத் தூண் வெயிட் தாங்குது. எடுக்காதீங்க" என்றேன்.

"யார் சொன்னது?"

"நான்தான்."

"பதினோராம் பக்கத்துலயும் நீங்கதான சொல்லியிருக்கீங்க?"

"அது கதை சார்."

"அப்ப இது?"

அங்கேதான் கெட்டேன். வெறும் உண்மையைச் சொன்னால் ஆள் நம்பமாட்டார் என்று தோன்றியது. சப்பென்று இருந்தது. கொஞ்சம் ஜோடித்தேன். இந்தத் தூணைக் கட்டின மேஸ்திரியின் பேரன் என்னோடு படித்தவன், அவன் வீட்டில் செப்புத் தகடு இருந்தது, அதில் எட்டாவது தூணைத் தொட்டவன் குலம் விளங்காது என்று... வாயா இது, உடைந்த குழாயா?

டேப்புக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேலையாட்களையும் கூப்பிட்டார். "பெரியவர் புதுக்கதை விடறாரு, வாங்க வாங்க!" எல்லோரும் வந்தார்கள். முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு நல்ல கூட்டம் எனக்குச் சேர்ந்ததே இல்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "நீங்க மணி பத்துன்னு சொன்னாக்கூட நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்" என்றாள்.

மார்ச் 19, புதன்

தங்கை மகளிடம் சொல்லப் போனேன். கையில் புத்தகத்தின் மறுபதிப்புத் தாள்களை வைத்துக்கொண்டு, "மாமா, உங்க பேரை முதல் பக்கத்துலயே போடச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

பதினொரு மணிக்கு ஆரம்பித்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்தது. மூங்கில் இல்லை. கல். கல்லுக்கு மேல் கல். "கொத்தறதை நிறுத்துங்கடா! உள்ள கெட்டியா இருக்கு, நிறுத்துங்கடா!" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினேன். ஒருத்தன் சிரித்துக்கொண்டே திரும்பக் கை ஆட்டினான்.

பாதித் தூண் போன பிறகு மேலே மாடம் முனகியது. அப்புறம் இரண்டு விரல்கடை இறங்கியது. எல்லோரும் ஓடினார்கள். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. கூரையின் நடுவிலிருந்து வாசல் வரை விரிசல், நதிப்படம் மாதிரி.

நான் ஓடவில்லை. தைரியத்தால் இல்லை, ஆட்டின கையை இறக்க மறந்து நின்றேன்.

மார்ச் 24, திங்கள்

மண்டபத்தைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். உள்ளே இரும்பு முட்டு. திறப்பார்களா என்று யாரும் சொல்லவில்லை. பதினோராம் பக்கத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டுத் தங்கை மகளுக்கு மெமோ. டேப்பு எல்லாப் பழியையும் அந்தப் பக்கத்தின் மேல் தூக்கி வைத்துவிட்டார்.

என் பெயரை எழுதிவிடு என்றேன். அவள் எழுதிய பதிலைக் காட்டினாள். "எழுத்துப்பூர்வ ஆதாரம் இல்லை. சரிபார்க்காதது என் தவறு." அவ்வளவுதான்.

"ஏம்மா?"

"உங்களுக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ் இருக்கு மாமா."

ஏப்ரல் 2, புதன்

அவளைப் புத்தகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. மேஜையைத் தூக்கிப் போட நானும் போனேன். மூலையில் பழைய கார்டு அலமாரி நின்றது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. சின்ன வயசுல நானே என் காதால கேட்டேன். அந்த டொக்கு டொக்கு தூண்லேர்ந்துதானே வந்துச்சு?"

"பின்ன? தூண்லேர்ந்துதாம்மா" என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒன்றும் தெரியாது. மூங்கிலும் பெரிய மனிதரும் எனக்கு முன்னால் இருந்த அட்டெண்டர் விட்ட கதை, நான் திருப்பி விட்டேன். ஆனால் அந்தச் சத்தம் முழுக்க முழுக்க என்னுடையது. கையால் தூணைத் தட்டும்போதே குதிகாலால் பின்னால் இருந்த அலமாரியைத் தட்டுவேன். உயிரெழுத்து வரிசையில் கடைசி, அடித்தட்டு, ஔ இழுப்பறை. அந்த எழுத்தில் மூன்றே கார்டு. மற்றபடி காலி.