கொதிநீரில் கரைத்த சூடோமோனாஸ்

18 நவம்பர் 2003, செவ்வாய்

படுத்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. பட்டுக்குச் சாயம் போடும் ஏழுமலை கொஞ்சம் நெல்லும் பயிர் செய்கிறார். இன்று போய்ப் பார்த்தால் வயல் முழுக்கக் குலைநோய். பயிரே நோயை எதிர்த்து நிற்கும் என்று சொல்லி, விதைநேர்த்திக்கு சூடோமோனாஸ் பொடி கொடுத்தவள் வேளாண் அலுவலரான நான்தான். வரப்பில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"மேடம் குடுத்தது டுபாக்கூர்" என்றார் பக்கத்து வயல்காரர்.

"பொடிய எப்படிங்க கரைச்சீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"தளதளன்னு கொதிக்கிற தண்ணில கரைச்சி, ஆற வெச்சி, அப்புறம்தான் விதைய ஊறப் போட்டேன். சாயம்னா அப்படித்தானே மேடம் ஏறும்?"

அது சாயமில்லை, உயிருள்ள பாக்டீரியா, கொதிநீரில் செத்துப்போகும் என்று தொண்டை வறளக் கத்தினேன். அவர் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மற்றவர்கள் அதற்குள் பூச்சிமருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். இனி அந்த ஊரில் என் பொடியை யார் தொடுவார்கள்?

நான் வண்டியைக் கிளப்பும்போது ஏழுமலை ஓடி வந்தார்.

"அடுத்த போகத்துக்கும் ஒரு பாக்கெட் குடுங்க மேடம். இப்பதான் புரிஞ்சுது. இந்த தபா லேசா கொதி வந்ததுமே எறக்கிடறேன்."