கரடி நின்ற பாதை

கண்ணமங்கலம்,
14.9.2024

என் அன்பு மகள் மெர்சிலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் புனேவில் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கல்யாண நாள். அப்பா ரைஸ் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு என்னை ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போனார். ஜமுனாமரத்தூரில் இறங்கி வனத்துறையில் அனுமதி வாங்கினோம். அங்கே வெட்டாமல் காத்துவரும் பழைய காடு ஒன்று இருக்கிறது. முனியன் என்ற காவலர் துணைக்கு வந்தார். "கோடாலி படாத காடுங்க, சத்தம் போடாம வாங்க" என்றார்.

அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. நாலு பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத மரங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என் செருப்புச் சத்தமே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்பா பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். வளைவில் ஒரு கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. முனியன் தணிந்த குரலில், "நில்லுங்க" என்றார். அப்பா மரங்களை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தார். நான் வாய்விட்டுக் கத்தினேன். அப்போதும் திரும்பவில்லை. கரடி தலையைத் தூக்கியது. முனியன் ஓடிப்போய் அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார். கரடி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் புதருக்குள் இறங்கிப் போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, பயப்படாதே.

"அவ்ளோ கத்துறேனே, காதுல வுழலையாங்க?" என்று சண்டைக்குப் போனேன். அவர் ஒரு வேர்மேல் உட்கார்ந்தார். "வுழல கிருபா. ரெண்டு வருஷமாவே சரியா கேக்கல. மில்லுல தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

உனக்குக் கல்யாணமாகியும் இரண்டு வருஷம்தானே. நீ கூப்பிடும்போதெல்லாம் "சரிம்மா, நல்லாரு" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். வேறு மதத்தில் சுரேஷைக் கட்டிக்கொண்டதால் கோபம் என்று நீ நினைத்தாய். நானும்தான் நினைத்தேன். உன் போனும் குறைந்து குறைந்து நின்றுபோனது. இதை அங்கேயே அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னேன்.

"அய்யோ, கோவமா? போன்ல வெறும் இரைச்சல்தான் கேக்குது. பாப்பா இன்னா கேட்டான்னு தெரியாம எதுனா தப்பா சொல்லிட்டா? அதான் உன்கிட்ட குடுத்துடுவேன்" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முனியன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நேற்று வேலூரில் காது டாக்டரிடம் காட்டினோம். மெஷின் வைத்தால் ஓரளவு கேட்குமாம், அளவெடுத்திருக்கிறார்கள். மில்லிலும் அப்பா சொல்லிவிட்டார். இனி அரவை மெஷின் பக்கம் வேண்டாம், மூட்டை எடைபோடும் இடத்துக்குப் போங்கள் என்றார்களாம். வீட்டுக்கு அனுப்பவில்லை.

மகளே, அப்பா பெயர் போட்டு ஒரு கடிதம் எழுது. சுரேஷையும் நாலு வரி எழுதச் சொல். நான் உனக்கு எழுதுவது தெரிந்ததும் அப்பா, நம் தெருவுக்குத் தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுவைத்துக்கொண்டார்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
கிருபாவதி