சாயங்காலத்தை வெட்ட மாட்டேன்

மொட்டை மாடியில் ஆன்டெனா கேபிளின் இணைப்புக்கு இன்று காலை சிலிக்கோன் பசை பூசினேன். பழைய பூச்சு மழையில் உரிந்திருந்தது. குழாயைப் பிதுக்கியதும் புளித்த காடி நெடி மூக்கில் ஏறியது. "சீ, யாரோ ஊறுகா ஜாடிய உடைச்ச மாதிரி இருக்குடி" என்று நீ முகத்தைச் சுளிப்பது அப்படியே காதில் விழுந்தது. திரும்பினேன். எங்கள் ஷாதிபூர்த் தெருவின் தகரக் கூரைகள் மட்டும் வெயிலில் கிடந்தன.

நீ இல்லாதபோது நான் ஒரு சண்டை போட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

வடக்கே மாயாபந்தர் ஊரிலிருந்து துணிப்பெட்டியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கிய முதல் நாள் நினைவிருக்கிறதா? நம் இருவருக்கும் கல்லூரிப் புராஜெக்டில் ஒரே வேலை. படகுகளில் வைக்கிற சேட்டிலைட் ரிசீவர் தூரத்தை இன்னும் சரியாக அளக்கச் செய்யவேண்டும். இது என்ன வேலை என்று அம்மா கேட்டாள். நான் வழக்கம்போல் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தேன். நீதான் சொன்னாய்.

"சேட்டிலைட் ஒரு பாட்ட விடாம பாடிக்கிட்டே இருக்கு ஆன்ட்டி. எங்க ரிசீவர் பெட்டியும் அதே பாட்ட உள்ளுக்குள்ள பாடும். மேலேர்ந்து வர்றது கொஞ்சம் லேட்டா வரும்ல? நம்ம பாட்ட நகர்த்தி நகர்த்தி அதோட பொருத்தணும். எவ்வளவு லேட்டோ, அவ்வளவு தூரம். அவ்ளோதான்."

"பாட்டு லேட்டா வருதுன்னு கண்டுபுடிக்கவா புள்ளைகளா இம்புட்டு படிச்சீங்க?" என்றாள் அம்மா. சிரித்ததில் உனக்குப் புரையேறியது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாயைத் திறப்பதற்கு முன்பு யாரிடமாவது அனுமதி கேட்கவேண்டும் என்ற பழக்கம் பட்டத்தோடு போய்விடவில்லை. "அரே, பேசுறதுக்கும் கப்பல் டிக்கெட் மாதிரி லைன்ல நிக்கணுமாடி?" என்று இடிப்பாய். கூட்டங்களில் நீ பேசுவாய், நான் படங்களை நகர்த்துவேன்.

பகலில் நம் பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. சூரியன் விழுந்து ஒரு மணி நேரம் கழிந்தால் கோளாறு. வெகு உயரத்தில் மின்னேறிய காற்று அடுக்கு இருட்டியதும் திட்டுத் திட்டாகக் கலங்கிவிடும். ஆழமில்லாத கடலில் மணல்மேல் வெளிச்சம் நெளிவதுபோல, அதன் வழியாக வரும் சிக்னலும் கூடிக் குறையும். அமிழ்ந்த நொடியில் ரிசீவர் சேட்டிலைட்டைக் கைவிட்டு, மறுபடி முதலிலிருந்து தேடும். உன் அப்பாவின் டிங்கிப் படகு துறைக்குத் திரும்புகிற நேரம் பார்த்துப் பெட்டி வழி தெரியாமல் விழிக்கும்.

அதற்கு நீ எழுதிய மாற்றம் எளிமையானது, பெட்டிக்குப் புத்தி சொல்வதுபோல. சிக்னல் அமிழ்ந்தாலும் விடாதே. கடைசியாகப் போன வேகத்திலேயே நம் பாட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு காத்திரு. அது எழும்போது நீ பக்கத்தில் இருப்பாய். இதைச் சோதிக்க நாம் எடுத்த அளவுகள் எல்லாமே சாயங்கால அளவுகள்.

பிறகு உனக்குக் காய்ச்சல். கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொல்லி, நாங்கள் ஓடி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். எனக்கு அந்த வார்த்தையின்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை.

அடுத்த கூட்டம் வீடியோ அழைப்பில் நடந்தது. மெயின்லேண்டிலிருந்து நம் புராஜெக்டை மேற்பார்க்கும் சார் வரைபடத்தைப் பார்த்து மறுப்பாகத் தலையாட்டினார்.

"ஏழு மணிக்கு முன்னாலயே எப்படிம்மா? இங்க எட்டு மணிக்கு மேலதான் வானம் கலங்கும். உங்க கேபிள்ல தண்ணி போயிருக்கு. சாயங்கால டேட்டாவ வெட்டிட்டு, பகல் டேட்டாவ மட்டும் ரிப்போர்ட்ல போடுங்க."

வெட்டினால் அந்த ரிப்போர்ட்டில் நீ இருக்கமாட்டாய். உன் வேலை முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. படத்தை நகர்த்தப் போன என் கை மைக்கை அழுத்தியது.

"சார், உங்க பின்னாடி ஜன்னல்ல வெயில் அடிக்குது."

"ஆமா, அதுக்கென்ன?"

லேப்டாப்பைத் தூக்கி எங்கள் ஜன்னலுக்கு நேராகத் திருப்பினேன். வெளியே கும்மிருட்டு. தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது.

"இதுதான் சார் இங்க ஆறு மணி. கடிகாரம் ஒண்ணுதான். சூரியன் உங்களுக்கு முன்னாடியே எங்கள விட்டுப் போயிடும். கேபிள்ல தண்ணி போயிருந்தா பகல் அளவும் கெட்டிருக்கணும். கெடல. எங்க வானம் கோளாறு இல்ல சார். நான் வெட்ட மாட்டேன்."

சார் திரைக்கு அருகே குனிந்து எங்கள் ஜன்னலை உற்றுப் பார்த்தார். "இன்னொரு ஆன்டெனா வெச்சுக் காட்டுங்க" என்றார். வைத்தேன். வேறு கேபிள், வேறு பெட்டி. பகலில் இரண்டும் அசையவில்லை. இருட்டியதும் இரண்டின் சிக்னலும் சேர்ந்தே அமிழ்ந்து சேர்ந்தே எழுந்தன. உன் மாற்றம் இருந்த பெட்டி மட்டும் பிடியை விடவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் முகப்பில் உன் பேரைப் பார்த்ததும் சார் விடவில்லை. "இல்லாதவங்க பேர எழுதினவங்க வரிசையில போட்டா கையெழுத்துக்குச் சிக்கல்மா. கடைசில நன்றின்னு ஒரு வரி போட்டுடலாமே?"

"நன்றி சொல்றது உதவி பண்ணவங்களுக்கு சார். இது அவ வேலை. நான்தான் உதவி."

முதலில் உன் பேர், அடுத்து என் பேர். அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. திருப்பி அனுப்பினால் ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி அனுப்புவேன். அதற்கும் மேலே யாராவது இருந்தால் அவர்களுக்கும் அனுப்புவேன்.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அன்று அழைப்பு முடிந்ததும் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி உதறியது. முன்பெல்லாம் நடுக்கம் அடங்கட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருப்பேன். அதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். இப்போது பேசி முடித்துவிட்டு நடுங்குகிறேன்.