காணிக்கைப் பையில் போட்ட மாத்திரை

ஐயா,

இன்று ஆராதனையில் காணிக்கைப் பை என் பக்கம் வந்ததும் பர்சுக்குள் கைவிட்டேன். காசுக்கு முன்னால் மாத்திரை அட்டைதான் சரசரவென்று கையோடு வந்தது. சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். நான் பிரசங்கத்தில் உருகிவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவள் நினைத்திருப்பாள். நம் சபைப் போதகராக இத்தனை வருஷம் இருந்துவிட்டுப் போன உங்களுக்குத் தெரியாதா, நான் உருகுகிற ஆளா என்று?

நீங்கள் இங்கே இருந்தபோது ஒரு வருஷம், கச்சிராயபாளையத்து ஜெபக் கூட்டத்தில் ஒரு வெளியூர்ப் பிரசங்கியார், "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்று கேட்டார். எனக்கோ வலிப்பு. கரும்பு வெட்டும்போது கத்தியோடு விழுந்து பிழைத்தவள் நான். அடுத்த ஞாயிறே ஒரு மாத மாத்திரையையும் காணிக்கைப் பையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் மொபெட்டில் என் வீட்டு வாசலுக்கே வந்தீர்கள். சட்டைப் பையில் என் மாத்திரை.

"காணிக்கையை ஆண்டவர் ஏத்துக்கினாரும்மா. இப்ப உனக்கே திருப்பிக் குடுத்தனுப்பறாரு. முழுங்கு."

"அப்ப எனக்கு விசுவாசம் கம்மிங்களா?"

"டாக்டருக்குப் புத்தி குடுத்தது யாரு? அந்தப் புத்தியை நம்பினா எப்படிக் கம்மியாவும்?"

"சரி. ஜெபம் பண்ணா குணமாயிடுந்தானே? அடிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "தெரியாதும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாங்கய்யா, அவ்ளோ படிச்சுட்டுத் தெரியாதுன்றீங்க! அந்தப் பிரசங்கியாரு கறாரா சொன்னாரே!"

"கறாராத் தெரிஞ்சுட்டா, அப்புறம் நம்பறதுக்கு இன்னாம்மா வேலை?"

நானா விடுவேன்? வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிப்பது ஊர் வழக்கம். முந்தின மாதம் நான் நம் சபைக் கோயிலில் விழுந்தபோது ஓடிவந்து கோயில் சாவியை என் கையில் திணித்தது நீங்கள்தான். "அது எந்த சயின்ஸுங்க?" என்று கேட்டேன்.

உங்கள் காது சிவந்துவிட்டது. "பயந்துட்டேம்மா."

படித்தவர் காது சிவப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு கொள்ளை ஆசை. ஆனால் அதே வாசலில், கரும்புச் சருகின் மேல் முட்டி போட்டு, என் அடுப்பில் உலை பொங்கி வழியும்வரை ஜெபம் பண்ணினீர்களே, அதைத்தான் இன்னும் யோசிக்கிறேன். தெரியாது என்று சொன்ன மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசினார்?

நான் விழுந்து வருஷக்கணக்காகிறது. மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. இன்று ஆராதனை முடிந்ததும், கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். மகளுக்கு வலிப்பாம்.

"குணமாயிடுமாக்கா?"

'ஆயிடும்' என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் வரும். உங்களுக்கும் அன்று அப்படித்தான் வந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"தெரியாதும்மா. மாத்திரையை மட்டும் விட்டுடாத," என்று சொல்லிவிட்டு அவளோடு முட்டி போட்டேன்.

கோயிலைப் பெருக்குகிற வேலை இப்போது எனக்குத்தான், ஐயா. அந்தச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. கதவைத் திறக்க மட்டும்.