பதினொன்று என்று எண்ணினீர்கள்

அக்டோபர் 19, ஞாயிறு

அன்புள்ள ரோடா அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி ஓஸ்லா எழுதுவது. கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் பிரித்தீர்களே, அதுவே பெரிது. அபெர்டீனுக்குப் போன பிறகு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே தீவுக்கு மூன்று நாளாகப் படகு இல்லை, கடையில் பால் இல்லை. நாளைக்குப் படகு ஓடுமாம். மேக்னி செம்மறிகளைக் கீழே ஓட்டி வந்துவிட்டார். அவற்றோடு நன்றாகப் பேசுகிறார். என்னோடுதான் பேச்சைக் குறைத்துவிட்டார். அக்கா மேல் புகார் எழுதிய பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று பாவம், அவருக்குத் தெரியவில்லை.

என் புகார் மேல் ஆசிரியர் கழகம் எடுத்த முடிவு எனக்கும் ஒரு பிரதி வந்தது. ஆசிரியர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும், அதன் பக்கத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு கண்டனக் குறிப்பும் இருக்கும். பக்கத்துத் தீவின் தலைமையாசிரியை மாதம் ஒருமுறை வந்து உங்களுக்குத் துணையாக உட்காருவார். இனி இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகக் கூடாது என்று பள்ளிக்கும் எழுதியிருக்கிறார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நீங்களோ, பெயரையே எடுத்துவிடச் சொல்லி எழுதப்போவதாக மேக்னியிடம் போனில் சொன்னீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். அந்தப் புகாரை நான் எழுதியது சரி. இன்றைக்கும் எழுதுவேன். ஜூனில் பஃபின் பறவைகளைப் பார்க்க எதிரே கடலில் உள்ள பாறைத் திட்டுக்குக் கூட்டிப்போன பதினொரு பிள்ளைகளில் பத்துப் பேரோடு திரும்பி வந்தீர்கள். மூடுபனி இறங்குகிறது, படகுக்காரர் கிப்பி அவசரப்படுத்துகிறார், பிள்ளைகள் குளிரில் தார்ப்பாய்க்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் முகத்தை எண்ணவில்லை, ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை எண்ணினீர்கள். பதினொன்று இருந்தது. அதில் ஒன்று என் இங்கா கழற்றிப் போட்டுவிட்டுப் பறவை பார்க்கப் போனது. யாரோ அதை எடுத்து மூட்டைகளின் மேல் வைத்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒன்றே முக்கால் மணி நேரம் அந்தப் பாறைத் திட்டில் தனியாக இருந்தாள். அதை நான் மறக்கமாட்டேன், நீங்களும் மறக்க வேண்டாம்.

ஆகஸ்டில் கழகத்திலிருந்து ஐல்சா என்ற அதிகாரி வந்தார். ஏதோ கோட்டு சூட்டுப் போட்ட ஆள் வருவார் என்று நினைத்தேன். வந்தவர் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு அடுப்படியில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சூப் இரண்டு கிண்ணம் குடித்தார். அந்த டீச்சருக்கு என்ன நடக்கணும்னு நினைக்கிறீங்க என்று கேட்டார். நான் சாமியாடிவிட்டேன். இனிமே எந்தப் பிள்ளை முன்னாடியும் அவங்க நிக்கவே கூடாது என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, எனக்கு ரெண்டு வேலைம்மா, பிள்ளைங்களைக் காப்பாத்தறது ஒண்ணு, ஒரு நல்ல டீச்சரை ஒரே ஒரு நாளுக்காகத் தொலைச்சிடாம இருக்கறது இன்னொண்ணு, ரெண்டும் ஒரே வேலைதான் என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சூப்பு கொடுத்ததே தண்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வந்த அறிக்கையில் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது அண்ணி. துணைக்கு வர ஒப்புக்கொண்ட பெரியவர் ஒருவர் அன்று காலை வரவில்லை என்று கிப்பி சொல்லியிருக்கிறார். அது யார் என்று கேட்டதற்கு ஆசிரியை பதில் சொல்ல மறுத்துவிட்டார், கிளம்பியது தன் முடிவுதான், வேறு யாரையும் இழுக்க வேண்டாம் என்றார். இதுதான் அந்த வரி.

அதைப் படித்துவிட்டு நான் ஆட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.

அன்று காலை ஏழு மணிக்கு உங்களுக்குப் போன் செய்து வயித்தைக் கலக்குது அண்ணி, வர முடியாது என்று சொன்னவள் நான். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. லெர்விக் நகரத்திலிருந்து முடி வெட்டுகிற பெண் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் ஊர்க் கூடத்துக்கு வருகிறாள், நேரம் வாங்கியிருந்த ஒருத்தி வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். செய்தி வந்தபோது தலை முழுக்கச் சாயம். அப்படியே துறைக்கு ஓடி வந்தேன். கழுத்தெல்லாம் சாயம் வழிய உங்களைப் பார்த்துக் கத்தினேன். என் தலையைப் பார்த்தீர்கள். ஒரு நிமிடம் பார்த்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே சுருண்டிருப்பேன். நீங்கள் இங்காவைக் கூட்டி வரக் கிப்பியோடு மறுபடி படகில் ஏறிப் போய்விட்டீர்கள்.

புகாரில் நான் மூன்று பக்கம் எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை ஐல்சாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேக்னியிடமும் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார், இருட்டும்வரை வரவில்லை. ஐல்சா திட்டவில்லை. துணைக்கு ஆள் இல்லேன்னா பயணத்தை நிறுத்தியிருக்கணும், அதனால முடிவு மாறாது, ஆனா நீங்க சொன்னது அவங்க கோப்பில இருக்கும், நல்லது பண்ணீங்க என்றார். அப்புறம் மெதுவாக, கழகத்தால அவங்களைத் திரும்ப வர வைக்க முடியாதும்மா, கதவைத் திறந்துதான் வைக்க முடியும் என்றார்.

வகுப்பில் இப்போது லெர்விக்கிலிருந்து வாரத்துக்கு ஒருவர் மாறி மாறி வருகிறார். வருகிறவர்களில் யாரையும் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இங்கா நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. மேசையில் நாங்கள் மூன்றே பேர், அதையும் எண்ணிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுகிறாள்.

நேற்று அவளுக்குத் தலை வாரும்போது அத்தை எப்பம்மா வருவாங்க என்று கேட்டாள். அத்தை கோவமா இருக்காங்கடி என்றேன், வாய் தவறி. அப்புறம், ஜாக்கெட்டைக் கழட்டினது நான்தானே, என்னாலதானே அத்தைக்கு வேலை போச்சு என்றாள்.

இல்லை என்று சொன்னேன். மேக்னியும் சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. ஜூனிலிருந்து இதை மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறாள் அண்ணி. நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை, கேட்கவும் இல்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள். திரும்பி வந்து அதே வகுப்பில் நின்று, தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று அவளிடம் ஒருமுறை சொல்லுங்கள். நான் சொன்னால் அது அம்மா சொல்வது. நீங்கள் சொன்னால்தான் அவள் நம்புவாள்.

கடவுள் உங்களை நல்லபடியாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மேல் மாறாத அன்புள்ள,
ஓஸ்லா